சைலன்சரும் ஜெட்டும்: ஒரு பழைய வழக்கின் சரித்திரம்

மோட்டார் சைக்கிளுக்குப் புதிய சைலன்சர் பூட்டியவுடன் என்ஜினை மறுபடியும் ட்யூன் செய்தாக வேண்டுமா, அல்லது இருந்தபடியே ஓட்டலாமா என்ற கேள்வி, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு உதிரிச் சாமான் வாங்க வரும் வாலிபர்களும் அவர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் மெக்கானிக்குகளும் இன்று நேற்றுக் கிளப்பிய கேள்வியன்று. இங்கிலாந்துப் பந்தயச் சாலைகளில் நம் பாட்டனார் காலத்திலேயே எழுந்து, ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் சென்று, திருவொற்றியூர் வழியாக நம் வீதிகளுக்கும் வந்து சேர்ந்த பழைய வழக்கு அது. "கட்டாயம் செய்ய வேண்டும்" என்று அடித்துச் சொன்னவர்களும், "அதெல்லாம் வீண் செலவு" என்று தள்ளியவர்களும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் தொழிலில் உண்மையாகத் தேர்ந்தவர்கள், எந்தத் தேசத்தில் இருந்தாலும், அந்தக் கேள்வியை என்ஜினிடமே கேட்டார்கள். அப்படிக் கேட்பதற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்தது. அந்த உபாயங்களின் சரித்திரத்தையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

லண்டனுக்குத் தென்மேற்கே, சரே மாவட்டத்தில் வேபிரிட்ஜ் என்னும் ஊரை அடுத்து, 1907-ஆம் ஆண்டு புரூக்லண்ட்ஸ் என்ற பந்தயச் சாலை திறக்கப்பட்டது. சுமார் 2¾ மைல் சுற்றளவும், வளைவுகளில் மதில்போல் உயர்ந்த சரிவும் கொண்ட அந்தக் கான்கிரீட் பாதை, மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் பெரிய சாலை. பந்தயம் நடக்கும் தினங்களைவிட மற்றத் தினங்களில்தான் அங்கே சாஸ்திர வேலை அதிகம் நடந்தது என்று சொன்னாலும் தவறில்லை. முதல் உலக யுத்தம் மூளும் சமயத்தில் நார்ட்டன் கம்பெனிக்காக அங்கே வேலை செய்த ஓடோனவன் என்பவரின் முறையை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டும். அவர் ஒரே ஒரு சட்டகத்தை வைத்துக்கொண்டு, தொழிற்சாலையிலிருந்து வரும் என்ஜின்களை ஒவ்வொன்றாக அதில் பூட்டிப் பந்தயச் சாலையில் ஓட்டிப் பார்ப்பார். ஒரு கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 75 மைல் வேகத்தில் கடந்த என்ஜினுக்கு 'புரூக்லண்ட்ஸ் ஸ்பெஷல்' என்ற பெயரும் அத்தாட்சிப் பத்திரமும் கிடைக்கும். சாலை உபயோகத்துக்கென்று தயாரித்த மற்றொரு வகைக்கு 70 மைல் போதும். சட்டகமும் பாதையும் மாறாதிருக்க என்ஜின் மட்டுமே மாறியதால், வேகத்தில் கண்ட வித்தியாசம் முழுவதும் என்ஜினைச் சேர்ந்தது என்று அவர் தைரியமாகச் சொல்ல முடிந்தது. சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் ஸ்ப்ராக்கெட்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, வண்டி நன்றாக ஓடுவது எதனால், ஓடாதது எதனால் என்று விசாரித்துக் கொண்டிருக்கும் இக்காலத்து அன்பர்களுக்கு, அந்த ஒற்றைச் சட்டகத்தைக் காட்டிலும் நல்ல பாடம் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

புரூக்லண்ட்ஸில்தான் சைலன்சர் என்ற பொருள் பந்தயக்காரர்களின் சிந்தனைக்குள் முதன்முதலாகப் பலவந்தமாக நுழைந்தது. சுற்றிலும் வீடு கட்டிக் குடியிருந்த கனவான்கள், திறந்த குழாய்களிலிருந்து நாளெல்லாம் எழுந்த சப்தத்தைத் தாங்க மாட்டாமல் புகார் செய்தார்கள். இராப் பொழுதில் ஓட்டுவது தடை செய்யப்பட்டது. 24 மணி நேரப் போட்டி நடத்த விரும்பியவர்கள் அதைப் பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு பகல்களுக்குப் பிரித்து நடத்தும்படி ஆயிற்று. 1920-களின் நடுவில், அங்கே ஓடும் ஒவ்வொரு வண்டியும் சைலன்சர் பூட்டியே ஓட வேண்டும் என்ற விதி வந்தது. தடித்த டப்பாவும் அதன் முடிவில் மீன்வால் போல் தட்டையாகப் பரந்த குழாயும் கொண்ட அந்தச் சாதனத்தை 'புரூக்லண்ட்ஸ் கேன்' என்று அழைத்தார்கள்.

சப்தத்தை அடக்கினால் சக்தியும் அடங்கிவிடும் என்பது அன்றைய பந்தயக்காரர்கள் பலருடைய நம்பிக்கை. இன்றைக்கும் அந்த நம்பிக்கை நம் தெருக்களில் உயிரோடிருக்கிறது. அது எவ்வளவு தூரம் பிழை என்பதை அதே சாலை அதே சைலன்சரோடு நிரூபித்துக் காட்டியது. 1937-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, வால்ட்டர் ஹேண்ட்லி என்னும் வீரர், பி.எஸ்.ஏ. கம்பெனியின் 500 சி.சி. எம்பயர் ஸ்டார் வண்டியில் அங்கே பந்தயத்தில் வென்றபோது, அவருடைய வேகமான சுற்று மணிக்கு 107 மைலைத் தாண்டியிருந்தது. பந்தயத்தில் 100 மைல் வேகத்தில் சுற்று முடித்தவர்களுக்கு அளிக்கும் தங்க நட்சத்திரம் அவருக்குக் கிடைத்தது. அந்த நட்சத்திரத்தின் பெயரையே மறு வருஷம் பி.எஸ்.ஏ. கம்பெனி தன் புதிய வண்டிக்குச் சூட்டி 'கோல்டு ஸ்டார்' என்று வெளியிட்டது. டப்பா போதுமான அளவு பெரிதாயிருந்து, புகை தடையின்றி வெளியேற வழி கொடுத்து, கார்புரேட்டர் அதற்கேற்றபடி சரிசெய்யப்பட்டிருந்தால், அமைதியும் வேகமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இனி, குழாய்க்கும், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவைக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சிறிது நின்று பார்க்க வேண்டும்; ஏனெனில் இது விளங்காமல் மேலே சொல்லப் போகும் எதுவும் விளங்காது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த கணத்தில் வெளியே பாயும் சூடான வாயு, பெண்ட் பைப்பின் உள்ளே ஓர் அழுத்த அலையை உண்டாக்குகிறது. அந்த அலை சப்தத்தின் வேகத்தில் குழாயின் திறந்த முனைவரை சென்று, அங்கே அழுத்தக் குறைவாக மாறித் திரும்பி வருகிறது. அது சிலிண்டருக்குத் திரும்பும் சமயத்தில் எக்ஸாஸ்ட் வால்வு மூடாமலும் இன்லெட் வால்வு திறக்க ஆரம்பித்தும் இருந்தால், எஞ்சியிருக்கும் எரிந்த வாயுவை வெளியே இழுத்துப் புதிய கலவைக்கு இடம் செய்து கொடுக்கும்; காலம் தவறி வந்தாலோ அந்த நன்மை கிட்டாததோடு, எரிந்த வாயுவே மறுபடி உள்ளே தள்ளப்பட்டாலும் படும். குழாயின் நீளம் மாறினால் அலை திரும்பும் நேரம் மாறுகிறது. ஆகவே என்ஜின் எந்தச் சுழற்சி வேகத்தில் நன்றாக மூச்சு விடும் என்பதும் மாறுகிறது. பந்தயக்காரர்கள் 1930-களில் கையாளத் தொடங்கிய மெகாபோன் குழாய்கள், அதாவது முனை நோக்கி விரிந்துகொண்டே போகும் கூம்புகள், மேல் வேகத்தில் அள்ளிக் கொடுத்ததைக் கீழ் வேகத்தில் பறித்துக் கொண்டதற்கு இதுவே காரணம். மெகாபோன் பூட்டிய வண்டியில் ஆக்ஸிலரேட்டரைத் திருகியவுடன் ஒரு கட்டத்தில் என்ஜின் திணறி நின்று, அதைத் தாண்டியபின் பாய்ந்து செல்லும். அந்தத் திணறலை, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துவாரமான ஜெட்டை மாற்றியே முழுவதும் ஒழித்துவிடலாம் என்று முயன்று களைத்தவர்கள் அநேகம்.

இவ்விடத்தில் மெக்கானிக்குகளிடையே நிலவும் ஒரு பொதுவான அபிப்பிராயத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. குழாய் தாராளமானால் காற்று அதிகம் போகும், பெட்ரோல் பழைய அளவே வரும், ஆகையால் கலவை லீன் ஆகிவிடும் என்பார்கள். கார்புரேட்டரோ அவ்வளவு மந்தமான சாதனமன்று. அதன் குறுகிய கழுத்தில் காற்று எவ்வளவு விரைந்து ஓடுகிறதோ அவ்வளவு பலமாகப் பெட்ரோலை உறிஞ்சும்படியே அது அமைந்திருக்கிறது. காற்று கொஞ்சம் கூடினால் பெட்ரோலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடிவிடும். ஆகவே சிறு மாறுதலை அது தானே சமாளித்துக் கொள்ளும். பெரிய மாறுதல் வந்து, அலைகளின் போக்கே திரிந்து, காற்று கார்புரேட்டர் வாயில் முன்னும் பின்னும் ஊசலாடத் தொடங்கினால்தான் அதன் கணக்குத் தவறுகிறது. அப்போதும் ஒரு வேகத்தில் லீனாகவும் மற்றொரு வேகத்தில் பெட்ரோல் மிகுந்து ரிச்சாகவும் தவறக்கூடும். பெட்ரோலை முழுவதும் எரிக்க எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். அதிகபட்ச சக்தி கிடைப்பதோ ஏறக்குறைய 13-க்கு ஒன்று என்ற, சற்றுப் பெட்ரோல் மிகுந்த கலவையில். பழைய காலத்து வண்டிகள் பலவும் தொழிற்சாலையிலிருந்தே கொஞ்சம் ரிச்சாக வெளிவந்ததால், சைலன்சரை மாற்றியவர்களுக்கு ஓரளவு இடம் இருந்தது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தபின் கம்பெனிகள் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டன. 1950-இல் சரியாயிருந்த "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்ற யோசனை, 2010-இல் தவறாகப் போனதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

கார்புரேட்டரை ஒழுங்குபடுத்தும் வித்தை ஒரு முறையாக உருக்கொண்டது 1927-இல் என்று சொல்லலாம். அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று பிரிட்டிஷ் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து அவ்வருஷம் 'அமால்' என்ற கம்பெனி பிறந்தது. அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் பெரும்பாலான பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் அமால் கார்புரேட்டராலேயே சுவாசித்தன. ஆக்ஸிலரேட்டர் கால்வாசியில் பாதி திறக்கும் வரை பைலட் ஜெட்டின் ஆட்சி. அதற்குமேல் கால்வாசி வரை ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு. கால்வாசி முதல் முக்கால்வாசி வரை நீடில். அதற்கு மேலே மெயின் ஜெட் என்று அமால் கம்பெனி வகுத்துக் கொடுத்த பாகுபாடு, உலகமெங்கும் மெக்கானிக்குகளுக்குப் பாடமாயிற்று. ஜெட்டுகளுக்கு இட்ட எண்களும் குருட்டு எண்களல்ல. நிலையான பரிசோதனையில் ஒரு நிமிஷத்தில் அந்தத் துவாரத்தின் வழியே எத்தனை சி.சி. எரிபொருள் வடிகிறதோ அதுவே ஜெட்டின் எண். எந்தக் கட்டத்தில் கோளாறு என்று முதலில் கண்டறிந்து, அந்தக் கட்டத்துக்குரிய உறுப்பை மட்டும் தொட வேண்டும் என்ற ஒழுக்கம் இங்கிருந்து பிறந்தது. ஊருக்குள் அரை ஆக்ஸிலரேட்டரில் ஓடும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றிக் கொடுத்துக் கூலி வாங்குவது இந்த ஒழுக்கத்துக்கு நேர் விரோதம். அந்த வண்டி மெயின் ஜெட்டை எட்டுவதே அபூர்வம்.

என்ஜினிடம் கேள்வி கேட்கும் உபாயங்களில் மிகப் பழையதும், ஏழைக்கும் எட்டக்கூடியதும், ஸ்பார்க் பிளக்கைப் படிப்பது. இதைச் செய்யும் விதத்தைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் நுட்பம் தெரியும். என்ஜினை நன்றாகச் சூடேற்றியபின் புதிய பிளக் ஒன்றைப் பூட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத நேர்ப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகிச் சிறிது தூரம் ஓட்டுவார்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தாமலே, ஒரே கணத்தில் கிளட்சை அழுத்தி, இக்னிஷனை அணைத்து, வண்டியை உருள விட்டு நிறுத்துவார்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்தினால் பிளக்கில் தெரிவது ஐட்லிங்கின் சாயமே. முழு வேகத்தின் சாட்சியம் அழிந்து போகும். பிளக் ஸ்பேனரால் கழற்றி, சூடு தாங்கத் துணியால் பிடித்துக்கொண்டு, பீங்கானின் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார்கள். பாலில் தோய்த்த பிஸ்கட் நிறம் இருந்தால் திருப்தி. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் லீன், அபாயம். கரி படிந்திருந்தால் ரிச். "தம்பி, நீ சொல்றதையும் நான் சொல்றதையும் விடு, பிளக் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்று ஒரு வயதான மெக்கானிக் புது சைலன்சரோடு வந்த வாலிபரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இந்தத் தொழிலின் தர்மம் முழுவதும் அந்த வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. 2000-ஆவது ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனபின், அந்தப் பழைய நிறங்கள் மங்கிப் படிக்கக் கடினமாகிவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் இந்த அறிவு வாய்மொழியாகவே நின்றுவிடவில்லை. வின்சென்ட் கம்பெனியின் பிரசித்தி பெற்ற என்ஜின்களை வடிவமைத்தவரும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவருமான ஃபில் இர்விங், 'ட்யூனிங் ஃபார் ஸ்பீடு' என்ற புஸ்தகத்தை 1948-இல் வெளியிட்டார்; தனி மனிதர்களின் ரகசியமாயிருந்த வித்தையை யாரும் படித்துக் கற்கும்படி அது செய்தது. பி.எஸ்.ஏ. கம்பெனியோ கோல்டு ஸ்டார் வண்டியைச் சாலைக்கு, கரடுமுரடான நிலத்துக்கு, பந்தயத்துக்கு என்று வாங்குபவரின் விருப்பப்படி வெவ்வேறு அமைப்பில் கட்டிக் கொடுத்தது. என்ஜினை மேடையில் ஓட்டி அளந்த சக்தியைக் குறித்த தாளும் வண்டியோடு வந்தது. குழாயும் கார்புரேட்டரும் கேம்ஷாஃப்டும் கியரும் ஒரு குடும்பம், ஒன்றை மாற்றுகிறவர் மற்றவற்றையும் விசாரிக்க வேண்டும் என்ற எண்ணத்தை அந்த வண்டியைப்போல் நிலைநாட்டியது வேறில்லை.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் குழாயின் அதிகாரம் இதைவிடப் பல மடங்கு பெரிது. அந்த அதிகாரத்தைக் கண்டறிந்த கதை, தேசங்களின் பகையையும் ஒரு மனிதரின் ஓட்டத்தையும் தன்னுள் அடக்கியது. கிழக்கு ஜெர்மனியில் ட்ஷோப்பாவ் என்ற சிறு நகரத்தில் எம்.இஸட். கம்பெனியின் பந்தயப் பிரிவை நடத்திய வால்ட்டர் காடன், யுத்த காலத்தில் பேனமுண்டே ராக்கெட் நிலையத்தில் வேலை பார்த்தவர். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு இல்லை. புதிய கலவையில் ஒரு பங்கு எரியாமலே எக்ஸாஸ்ட் துவாரத்தின் வழியே தப்பி ஓடிவிடும். முதலில் விரிந்து பிறகு குறுகும் குழாயை அமைத்தால், விரிந்த பாகத்திலிருந்து திரும்பும் அலை சிலிண்டரைக் காலி செய்ய உதவும். குறுகிய பாகத்தில் மோதித் திரும்பும் அலை, தப்பி ஓடிய கலவையைத் துவாரம் மூடுவதற்குள் மறுபடி உள்ளே தள்ளிவிடும். இந்தத் தத்துவத்தின் ஆரம்பம் அவருக்கு முன்பே இருந்ததாயினும், குழாய்க்குள் ஓடும் அலைகளை ஆஸிலாஸ்கோப்பில் கண்ணால் பார்த்து அளந்து அதைப் பூரணமாக்கியவர் அவரே. 1961-இல் அவருடைய 125 சி.சி. என்ஜின் 25 குதிரை சக்தி கொடுத்தது. ஒரு லிட்டருக்கு 200 குதிரை சக்தி என்ற கணக்கு அதுவரை சூப்பர்சார்ஜர் இல்லாத எந்த என்ஜினும் எட்டாதது. அதே வருஷம் செப்டம்பரில், அவருடைய முதன்மை வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்திலிருந்து திரும்பாமல் மேற்கே தப்பி, ஜப்பானின் சுஸுகி கம்பெனியில் சேர்ந்தார். 1962-இல் 50 சி.சி. உலகப் பட்டம் அவர் ஓட்டிய சுஸுகிக்குக் கிடைத்தது. அதன்பின் அந்தக் குழாயின் வித்தை உலகத்தின் பொதுச்சொத்தாயிற்று.

நம் ஊருக்கு வருவோம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஏற்படுத்த, திருவொற்றியூரில் 346 சி.சி. புல்லட் உருவாகத் தொடங்கியது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட அந்த நீண்ட மூச்சுக்காரனுக்கு 5625 சுழற்சியில் 18 குதிரை சக்திதான். அதன் கேம்ஷாஃப்டுகள் சாந்தமானவை. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் காலம் பந்தய என்ஜினில் உள்ளதைவிடக் குறைவு. ஆகையால் குழாயிலிருந்து திரும்பும் அலைகள் வந்து சேர்ந்தாலும் அவற்றுக்குக் கதவு திறந்திருக்கும் நேரம் சொற்பம். இதனால்தான் புல்லட்டில் ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், மெகாபோன் என்று எந்தச் சைலன்சரைப் பூட்டினாலும் சப்தம் ஆளை அசத்தும் அளவுக்கு மாறுகிறதே தவிர, சக்தி கண்டுகொள்ளும்படி மாறுவதில்லை. கார்புரேட்டர் உள்ள பழைய புல்லட்டில், உள்ளே தடுப்பு வைத்த சாதாரண சைலன்சரை மாற்றியவருக்கு ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருகி ஐட்லிங்கை நிதானப்படுத்துவதும், பிளக்கைப் பார்ப்பதும் பெரும்பாலும் போதும் என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். தடுப்பை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் குழாயாக விடுகிறவருக்கு மெயின் ஜெட் ஒரு படி, சில சமயம் இரண்டு படி மேலே வேண்டியிருக்கும். அவர் செய்வதை நான் ஆதரிக்கவில்லை.

சென்னைக்கு வடக்கே செங்குன்றத்துக்கு அப்பால், இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானங்கள் இறங்கப் போட்ட சோழவரம் ஓடுபாதையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுக்காலம் நடத்திய பந்தயங்கள், தென்னிந்திய மெக்கானிக்குகளுக்கு புரூக்லண்ட்ஸாக விளங்கின. நேரான நீண்ட ஓடுபாதையில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடும் வண்டிக்கு மெயின் ஜெட் தவறினால் தப்ப வழியில்லை. ஊருக்குள் மாதக்கணக்கில் மறைந்திருக்கும் பிழை அங்கே சில சுற்றுகளில் பிஸ்டனில் வெளிப்பட்டுவிடும். 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை அமைந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது.

1985-இல் வந்து 1996 வரை விற்பனையான யமஹா ஆர்.எக்ஸ். 100, காடனுடைய குழாய்த் தத்துவத்தை நம் சந்துகளுக்குக் கொண்டு வந்தது. 98 சி.சி.யில் 11 குதிரை சக்தி கொடுத்த அந்தச் சிறு வண்டியில் சைலன்சர் என்பது என்ஜினின் ஓர் அங்கம். அதை வெட்டியும் ஒட்டியும் துளைத்தும் பரிசோதித்த வாலிபர்கள், சப்தம் ஏறிய அளவுக்கு பிக்கப் இறங்குவதைக் கண்டு திகைத்ததற்குக் காரணம் இதுவே. எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்னும், விரிந்து குறுகும் பந்தயக் குழாயைப் பூட்டியவர்களுக்கோ ஜெட்டை மாற்றுவது விருப்பத்தைப் பொறுத்த காரியமாக இருக்கவில்லை. டூ ஸ்ட்ரோக் என்ஜின் லீனாக ஓடினால் முதலில் நன்றாகப் பாயும், கேட்க இனிமையாக இருக்கும், பிறகு சூடேறி பிஸ்டன் சீஸ் ஆகும் அல்லது அதன் தலையில் ஓட்டை விழும். நான்கு ஸ்ட்ரோக்கில் "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்ல இருக்கும் அவகாசம் டூ ஸ்ட்ரோக்கில் இல்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் அமலுக்கு வந்தபின் நம் நாட்டில் புதிய மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதன் இடத்தில் அமர்ந்திருக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கழுத்தில் ஓடும் காற்றைத் தானே உணர்ந்து உறிஞ்சும் சாதனமன்று. ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, இன்லெட் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்பவற்றை வைத்து, தொழிற்சாலையில் எழுதிய அட்டவணையைப் பார்த்துப் பெட்ரோலைத் தெளிக்கிறது. குழாய் மாறியது அந்த அட்டவணைக்குத் தெரியாது. பெண்ட் பைப்பில் செருகியிருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் மட்டுமே எரிந்த வாயுவை முகர்ந்து பார்த்துத் தவறைத் திருத்துகிறது. 1976-இல் பாஷ் கம்பெனியின் தயாரிப்பாக வால்வோ கார்களில் முதன்முதலாக வந்த அந்தச் சாதனத்தை, ஓடோனவனின் சட்டகத்துக்கும் பிளக்கின் பீங்கானுக்கும் வாரிசு என்று கொண்டாட வேண்டும். ஆனால் அதன் திருத்தம் பொதுவாக ஐட்லிங்கிலும் நிதானமான ஓட்டத்திலும் மட்டுமே நடக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகும்போது என்ஜின் அட்டவணையையே நம்பி ஓடுகிறது. எனவே பெண்ட் பைப்பும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் இருந்தபடி இருக்க, கடைசித் துண்டை மட்டும் மாற்றியவருக்கு, அட்டவணையைத் திருத்தி எழுதும் இ.சி.யூ. ரீமேப் அநேகமாக வேண்டியதில்லை. பெண்ட் பைப் முதல் முழுவதையும் மாற்றி, ஏர் ஃபில்டரையும் திறந்துவிட்டவருக்கு டைனோ மேடையில் அளந்து பார்க்காமல் ஓட்டுவது சரியன்று. பெண்ட் பைப்போடு கன்வர்ட்டரைக் கழற்றி எறிகிறவர், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் அதன் கீழ் 1989-இல் எழுந்த விதிகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார்.

ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் சைலன்சரில் பட்டாசு வெடிப்பது போல் படபடவென்று சத்தம் வந்தால், "லீன் ஆகிவிட்டது, ட்யூனிங் வேண்டும்" என்று உடனே முடிவு கட்டும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அநேக சமயங்களில் அதற்குக் காரணம் சிலிண்டர் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் சிறு பேக்கிங் சரியாக உட்காராதது. அந்த இடுக்கின் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாத பெட்ரோல் குழாய்க்குள் எரிகிறது. பழைய பேக்கிங்கையே மறுபடி போட்டுப் புதிய குழாயைப் பூட்டியவர்கள், இருபது முப்பது ரூபாய் சாமானுக்குப் பதிலாக ஜெட்டுகளிலும் ரீமேப்பிலும் ஆயிரக்கணக்கில் செலவிட்டு, கடைசியில் நல்ல கலவையையும் கெடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சைலன்சரை மாற்றியவர் கார்புரேட்டரைத் தொடுமுன் அந்த வட்டமான சிறு வளையத்தை மாற்ற வேண்டும், போல்ட்டுகளைச் சமமாக முறுக்க வேண்டும், பிறகே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்துக்காரர் தம் வித்தையை 1948-லேயே புஸ்தகமாக்கிவிட்டார்கள். சோழவரத்திலும் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் ஐம்பது அறுபது வருஷம் சேர்ந்த அறிவோ இன்னும் சில முதியவர்களின் ஞாபகத்திலும், கிரீஸ் படிந்த பாக்கெட் நோட்டுகளிலுமே இருக்கிறது. எந்தச் சைலன்சருக்கு எந்த ஜெட், எந்த வெயிலில் எத்தனை சுற்று ஏர் ஸ்க்ரூ என்று விரல் நுனியில் வைத்திருக்கும் அவர்களுக்கு, கார்புரேட்டர் வண்டிகள் குறைந்துவரும் இக்காலத்தில் சீடர்களும் குறைந்து வருகிறார்கள். இந்தத் தொழிலில் அபிமானம் உள்ள இளைஞர்கள் யாரேனும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தோடு அவர்களிடம் போய் உட்கார்ந்து, கேட்டு, வண்டியின் பெயரோடும் வருஷத்தோடும் எழுதி வைக்க வேண்டுமென்று வேண்டிக் கொள்கிறேன். அந்தக் காரியத்தை இந்த வருஷமே தொடங்க வேண்டும்.